பரணில் கிடைத்த டப்பாவில் இருப்பது எந்த மருந்து?

திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தாத்தா காலமான பிறகு பழைய வீட்டை ஒழித்தார்களாம். பரணில் ஒரு நாட்டுத் துப்பாக்கியும், அதன் பக்கத்தில் ஒரு தகர டப்பாவில் கடுகு போன்ற கருப்பு மணிகளும் கிடைத்திருக்கின்றன. "தஞ்சாவூர் ராஜகோபால பீரங்கிக்குப் போட்ட மருந்தும் இதுவும் ஒன்றா? ராணுவத் தோட்டாவுக்குள் இருப்பதும் இதுதானா? துப்பாக்கி மருந்து என்றால் எல்லாம் ஒரே மருந்துதானே?" என்பது அவருடைய கேள்வி.

தம்பி, விளக்கத்துக்கு முன்னால் ஒரு வேண்டுகோள். டப்பா இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். துப்பாக்கியையும் எடுத்துப் பார்க்க வேண்டாம். பரண் பக்கம் விளக்கு, சாம்பிராணிக் கரண்டி, பீடி எதுவும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். நான் கும்பகோணத்தில் வேதியியல் கற்பித்தவன். 18 ஆண்டுகள் மாணவர்களை என்.சி.சி. முகாம்களுக்கு அழைத்துப் போய், துப்பாக்கி சுடும் திடலில் பக்கத்தில் நின்றவன். "எல்லாம் ஒரே மருந்துதானே" என்ற நினைப்பினால் ஒரு மனிதருக்கு என்ன ஆனது என்று சிறுவயதில் நேரிலேயே பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எல்லாம் ஒரே மருந்து இல்லை. மருந்துக்கு மருந்து மாறுவது "பலம்" என்று பலரும் நினைக்கிறார்கள். பலத்தைவிட முக்கியமானது அது எரிகிற வேகம். குழாய்க்குள் எந்த நேரத்தில் எவ்வளவு வாயுவைக் கொடுக்கிறது என்பதை வைத்துத்தான் ஒரு மருந்து எந்தத் துப்பாக்கிக்கு ஆகும், எதற்கு ஆகாது என்று முடிவு செய்கிறார்கள்.

நம் ஊர் வழக்கில் எல்லாவற்றையும் "வெடிமருந்து" என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் துப்பாக்கிக்குள் இருக்கிற மருந்து வெடிக்கக் கூடாது, எரிய வேண்டும். பாறை தகர்க்கிற மருந்து நொடியில் லட்சத்தில் ஒரு பங்குக்குள், ஒலியை மிஞ்சும் அதிர்ச்சி அலையாகத் தன் உடம்பு முழுவதையும் ஒரே அடியாக உடைத்துக்கொள்ளும். அதைக் குழாயில் போட்டால் குண்டு நகர்வதற்கு முன்பே குழாய் சிதறிவிடும். உந்துகிற மருந்து அப்படி இல்லை. மேல்பரப்பிலிருந்து உள்நோக்கி, அடுக்கு அடுக்காக எரியும். எரியும்போது வாயு உண்டாகும், வாயு குண்டைத் தள்ளும். ரைபிளில் இது முழுவதும் நடந்து முடிய நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் ஆகிறது. அந்த நேரத்துக்குள்ளும் எரிவதில் ஒரு நிதானம் இருக்க வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ள நம் களத்தைப் பார்த்தாலே போதும். உதறிப் போட்ட வைக்கோல் குப்பென்று பற்றிச் சில நிமிடத்தில் சாம்பலாகிவிடும். அதே வைக்கோலை இறுக்கிக் கட்டினால் வெளிப்புறம்தான் கருகும். உமியைக் குவித்துத் தீ வைத்தால் விடிய விடியக் கனன்றுகொண்டிருக்கும். எல்லாம் ஒரே நெற்பயிரிலிருந்து வந்தவை. காற்றும் தீயும் தொடக்கூடிய பரப்பு எவ்வளவு என்பதுதான் வித்தியாசம். துப்பாக்கி மருந்தின் கதையில் பாதி, இந்தப் பரப்பைக் கட்டுக்குள் கொண்டுவர மனிதர்கள் ஐந்நூறு ஆண்டுகள் பட்ட பாடுதான்.

சரி, பழையதிலிருந்து வருவோம். கருமருந்து சீனாவில் ஏறக்குறைய 9-ஆம் நூற்றாண்டில் அறியப்பட்டது. வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றும் சேர்ந்த கலவை. வெடியுப்புதான் இதில் பெரும்பங்கு. கரி எரிபொருள். கந்தகமும் எரிபொருள்தான், ஆனால் அது சீக்கிரம் தீப்பிடிக்கச் செய்யும். வெடியுப்பு எரியாது. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தனக்குள் கட்டி வைத்திருக்கும். அடைத்த குழாய்க்குள் வெளிக்காற்றே இல்லாமல் மருந்து எரிவது இதனால்தான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் மாணவர்கள் வருடாவருடம் கேட்பார்கள். ராஜாஜி 1930-இல் திருச்சியிலிருந்து நடந்து வந்து வேதாரண்யத்தில் அள்ளிய உப்புக்கும் வெடியுப்புக்கும் சம்பந்தமில்லை. அது கடல் உப்பு, சோடியம் குளோரைடு. வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். பழைய தமிழில் பொட்டிலுப்பு என்பார்கள். மாட்டுத் தொழுவம், பாழடைந்த குடியிருப்பு போன்ற இடங்களின் மண்ணில் பூக்கிற வெள்ளைப் பொடியிலிருந்து அதைப் பிரித்தெடுக்கும் தொழில் தமிழ்நாட்டிலும் இருந்தது. உப்பிலியர் என்று ஒரு சமூகத்துக்கே அந்தத் தொழிலால் பெயர் வந்தது. ஆனால் உலகச் சந்தையை ஆண்டது பீகார் வெடியுப்புதான். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் பாட்னா பக்கத்திலிருந்து கப்பல் கப்பலாக அதைக் கொண்டுபோனார்கள். ஐரோப்பாவில் நடந்த போர்களுக்கு நம் நாட்டு மண்ணில் பூத்த உப்பு போயிருக்கிறது என்பதை நினைக்க எனக்கு இன்றும் சங்கடமாக இருக்கும்.

தஞ்சாவூர் பீரங்கி மேட்டில் கிடக்கிற ராஜகோபால பீரங்கி அந்தக் கருமருந்துக் காலத்துப் பிள்ளை. ரகுநாத நாயக்கர் காலத்தது, 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். ஏறக்குறைய 25 அடி நீளம், 22 டன் எடை. அதை அச்சில் வார்க்கவில்லை. நீளமான இரும்புப் பட்டைகளை வட்டமாக அடுக்கி, அவற்றின் மேல் பழுக்கக் காய்ச்சிய இரும்பு வளையங்களை ஒன்றின்பின் ஒன்றாக ஏற்றி, அடித்து இணைத்திருக்கிறார்கள். வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுகிறவர் செய்வது போல, வளையம் ஆறும்போது இறுகிக் கவ்விக்கொள்ளும். அப்படி இணைத்த குழாயால் கருமருந்தின் அழுத்தத்தைத் தாங்க முடியும். இன்றைய மருந்தைப் போட்டால் தாங்காது. ஆகவே தம்பியின் கேள்விகளில் ஒரு பாதிக்கு இங்கேயே பதில்: பீரங்கிக்குப் போட்டதும் இன்றைய ராணுவத் தோட்டாவில் இருப்பதும் ஒன்றல்ல.

அதே நாயக்கரோடு 1620-இல் ஒப்பந்தம் செய்துகொண்டுதான் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். போகிறவர்கள் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல் கோட்டையின் கீழ்த்தள அறைகளையும் பாருங்கள். சரக்கு அறை, சிறை இவற்றோடு மருந்து வைக்கும் அறையும் அங்கேதான் இருந்தது. தடித்த சுவர், வளைந்த கூரை. கடற்கரை ஈரத்தில் மருந்து நமுத்துப்போகாமல் காப்பதும், எங்கிருந்தும் ஒரு பொறி விழாமல் காப்பதும் அந்தக் காலத்தில் சண்டை போடுவதைவிடப் பெரிய வேலை.

தொடக்கத்தில் கருமருந்து மாவாகத்தான் இருந்தது. மாவுக்கு இரண்டு நோய். வண்டியில் குலுங்கிக்கொண்டே போனால் கனமானது கீழே போய், லேசானது மேலே வந்து கலவை பிரிந்துவிடும். குழாயில் இறுக்கித் திணித்தால் மாவுக்குள் தீ ஓட வழியில்லாமல் ஒருநாள் மெதுவாகவும் இன்னொரு நாள் வேகமாகவும் எரியும். 15-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் மருந்தைக் குருணையாக்கக் கற்றுக்கொண்டார்கள். குருணைக்கும் குருணைக்கும் நடுவில் இடைவெளி இருப்பதால் தீ ஒரே நேரத்தில் எல்லா மணிகளையும் தொட்டுவிடும். அப்புறம் மணியின் பருமனே வேகத்தைத் தீர்மானித்தது. பீரங்கிக்குப் பெரிய மணி, தோளில் வைக்கும் துப்பாக்கிக்குச் சிறிய மணி, தீப்பொறி விழும் கிண்ணத்தில் எல்லாவற்றையும்விடப் பொடியான மணி. பெரிய பீரங்கியில் குண்டு கனமானது, மெதுவாகத்தான் நகரும். அதற்குப் பொடி மருந்து போட்டால் குண்டு அசைவதற்குள் அழுத்தம் ஏறிக் குழாயைப் பிளந்துவிடும். ஆகவே கருமருந்திலேயே பல வகை இருந்தது. அப்போதே "எல்லாம் ஒன்று" இல்லை.

கருமருந்தின் பெரிய குறை புகை. எரிந்த மருந்தின் எடையில் பாதிக்கும் குறைவாகத்தான், சுமார் 44 விழுக்காடு, வாயுவாகிறது. மீதி திடப்பொருள். அதில் ஒரு பங்கு வெள்ளைப் புகையாக வெளியே வரும், ஒரு பங்கு கசடாகக் குழாயிலேயே ஒட்டும். கொள்ளிடக் கரையோரம் அன்னக்குடியில் 1782 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கர்னல் பிரெய்த்வெயிட்டின் படையைத் திப்பு சூழ்ந்து முறியடித்த சண்டையை நினைத்துப் பாருங்கள். சில சுற்றுகள் சுட்டதும் எதிரில் யார் நிற்கிறார் என்பதே தெரியாது. மைசூர்ப் படையின் இரும்புக்குழல் ராக்கெட்டுகளும் இதே கருமருந்தில்தான் ஓடின. துப்பாக்கியில் வாயு குண்டைத் தள்ளுகிறது, ராக்கெட்டில் வாயு பின்னால் பாய்ந்து குழலையே தள்ளுகிறது. மருந்து ஒன்றுதான், வேலை வாங்குகிற விதம் வேறு.

மருந்தின் இருப்பு போரின் போக்கையே மாற்றியதும் நம் மண்ணில் நடந்திருக்கிறது. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி தஞ்சாவூரை முற்றுகையிட்டார். கோட்டை விழுகிற நேரத்தில் அவரிடம் மருந்தும் உணவும் குறைந்துபோயின. ஆங்கிலேயக் கப்பற்படை காரைக்கால் பக்கம் நிற்கிறது என்ற செய்தியும் வந்தது. முற்றுகையை விட்டுத் திரும்பிப் போய்விட்டார். ஊர் தப்பியது.

என் தாத்தாவிடம் உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி இருந்தது. வாய்வழியாக மருந்து போட்டுக் கெட்டிக்கிற வகை. கதிர் முற்றும் காலத்தில் வயலுக்கு வருகிற காட்டுப்பன்றியை விரட்ட வைத்திருந்தார். மருந்து, தக்கை, ரவை, மறுபடி தக்கை என்று வரிசையாகப் போட்டுக் கஜக்கோலால் அழுத்துவார். சுட்டுவிட்டு வந்த இரவே, எவ்வளவு நேரமானாலும், பாட்டியிடம் வெந்நீர் கேட்டு வாங்கிக் குழாயைக் கழுவிவிட்டுத்தான் சாப்பிடுவார். கழுவிய தண்ணீர் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். கருமருந்துக் கசடில் இருக்கும் பொட்டாசியம் சல்பைடின் நாற்றம் அது. அந்தக் கசடு காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரே இரவில் குழாய் உள்ளே துருப்பிடித்துவிடும். எண்ணெய் போட்டுத் துடைப்பது மட்டும் போதாது, கசடு தண்ணீரில்தான் கரையும். தாத்தா வேதியியல் படித்தவர் இல்லை. ஆனால் அவர் செய்தது முழுக்கச் சரி.

இனி இன்றைய மருந்து. 1846-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஷோன்பைன் என்ற வேதியியலாளர், அமிலங்கள் பட்ட பருத்தி நொடியில் பொசுங்கி மறைவதையும் புகையே மிஞ்சாததையும் கண்டார். நாம் வேட்டி நெய்கிற அதே பருத்தியின் செல்லுலோஸ், நைட்ரோசெல்லுலோஸ் ஆகிவிட்டது. கருமருந்தில் எரிபொருளும் ஆக்சிஜன் தருகிற உப்பும் பக்கத்துப் பக்கத்துத் துகள்களாக இருக்கும். நைட்ரோசெல்லுலோஸில் இரண்டும் ஒரே மூலக்கூறுக்குள் இருக்கின்றன. அதனால் கிட்டத்தட்ட முழுவதும் வாயுவாகிவிடும். அதே எடைக்குக் கருமருந்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வேலை செய்யும். ஆனால் பஞ்சாக இருக்கும்வரை அது உதறிய வைக்கோல்தான், கட்டுக்கடங்காத வேகம். 1847-இல் இங்கிலாந்தின் பேவர்ஷாமில் அதைச் செய்த ஆலை வெடித்துப் பலர் செத்தார்கள். அடுத்த நாற்பது ஆண்டுகள் யாராலும் அதைத் துப்பாக்கிக்குள் நம்பிப் போட முடியவில்லை.

அந்த முடிச்சை அவிழ்த்தவர் பால் வியேய் என்ற பிரெஞ்சுக்காரர், 1884-இல். பஞ்சைப் பஞ்சாக விடாமல் கரைப்பானில் பிசைந்து களியாக்கி, தகடாக்கி, சிறு சில்லுகளாக நறுக்கிவிட்டார். நாரும் துளையும் இல்லாத கெட்டியான சில்லு என்பதால் தீ மேல்பரப்பிலிருந்து மட்டுமே உள்ளே போக முடியும். வேகம் கைக்குள் வந்தது. 1886-இல் பிரான்சின் லெபல் ரைபிள் அந்த மருந்தோடு வந்தபோது உலகத்தின் மற்ற ரைபிள்கள் எல்லாம் ஒரே நாளில் பழையவை ஆகிவிட்டன. சுடுகிறவன் எங்கிருந்து சுடுகிறான் என்று காட்டிக்கொடுக்கிற புகை போய்விட்டது. குண்டின் வேகம் கூடியதால் குண்டு சிறுத்தது, தூரம் நீண்டது.

மறு ஆண்டு நோபல் நைட்ரோகிளிசரினையும் நைட்ரோசெல்லுலோஸையும் சேர்த்து பாலிஸ்டைட் செய்தார். 1889-இல் ஆங்கிலேயர்கள் ஏபெல், டூவர் இருவரும் கார்டைட் செய்தார்கள். கார்டைட் என்ற பெயர் நம் சமையலறைக்குத் தெரிந்த சங்கதிதான். இடியாப்ப உரலில் மாவைப் பிழிவது போல மருந்துக் களியைப் பிழிந்து நூலாக எடுத்தார்கள். நூலைக் குறிக்கிற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நம் காவலர்கள் பல ஆண்டுகள் தோளில் சுமந்த .303 ரைபிளின் பழைய தோட்டாவைப் பிரித்துப் பார்த்தவர்கள் சொல்வார்கள், உள்ளே மணி இருக்காது, பழுப்பு நிற நூல்கட்டு இருக்கும். அதில் கொஞ்சம் வாசலினும் சேர்த்தார்கள். குழாய்க்கு மசகாக இருக்கட்டும் என்று சேர்த்தது, மருந்து கெட்டுப்போகாமலும் காத்தது. நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்தில் அரவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை வந்தது இந்த மருந்துக்காகத்தான். நூற்றாண்டு கடந்தும் அங்கே உந்துமருந்து செய்கிறார்கள்.

இன்றைய புகையற்ற மருந்துகளை மூன்று குடும்பமாகப் பிரிக்கிறார்கள். நைட்ரோசெல்லுலோஸ் மட்டும் அடிப்படையாக இருப்பது முதல் குடும்பம். வெப்பம் குறைவு, குழாய் நீடித்து உழைக்கும். பெரும்பாலான ரைபிள் தோட்டாக்களுக்கு இது பிடிக்கும். நைட்ரோகிளிசரினும் சேர்ந்தது இரண்டாவது. சக்தி அதிகம், சூடும் அதிகம், அந்தச் சூடு குழாயின் உள்சுவரை அரிக்கும். கார்டைட்டின் முதல் வடிவம் ஆங்கிலேயர்களுக்கு இந்தத் தலைவலியைத்தான் கொடுத்தது, பிற்பாடு நைட்ரோகிளிசரின் பங்கைக் குறைத்தார்கள். பிஸ்டல், 'பன்னிரண்டு போர்' (12 bore) என்கிற ரவைத் துப்பாக்கி, குண்டை உயரே எறிகிற மோர்ட்டார் போன்றவற்றில் இந்தக் குடும்பம் அதிகம். மூன்றாவதில் நைட்ரோகுவானிடினும் சேரும். அது எரியும்போது நைட்ரஜன் வாயுவை நிறையக் கொடுத்துச் சூட்டையும் குழாய்முனையில் தெறிக்கிற நெருப்பையும் குறைக்கும். பெரிய பீரங்கிகளுக்கு அது.

குடும்பம் எதுவானாலும், என் கணக்கில் உண்மையான அறிவு மணியின் வடிவத்தில்தான் இருக்கிறது. வகுப்பில் இதற்கு நான் எப்போதும் உளுந்து வடையைத்தான் சொல்வேன். ஓட்டையில்லாத உருண்டை மணி எரிய எரியச் சிறுக்கும். பரப்பு குறையும், வாயுவும் குறையும். தொடக்கத்தில் ஓங்கித் தள்ளிவிட்டுப் பிறகு சோர்ந்துவிடும். நடுவில் ஓட்டை போட்ட மணியில் வெளிப்பரப்பு சுருங்கும்போது ஓட்டையின் உள்பரப்பு விரியும். ஒன்றின் இழப்பை மற்றது ஈடுகட்டும், வாயு ஒரே சீராக வரும். ஏழு ஓட்டை போட்டால் எரிய எரியப் பரப்பு கூடிக்கொண்டே போகும். குண்டு முன்னே நகர்ந்து பின்னால் இடம் பெரிதாகும்போது வாயுவும் கூடுதலாக வந்து நிரப்பும். பெரிய பீரங்கி மருந்துகளில் ஏழு துளை வைப்பது இதற்குத்தான். கையில் எடுத்துச் சுடுகிற துப்பாக்கிகளின் மணிகளில் துளையோடு, மேலே மெதுவாக எரிகிற ஒரு பூச்சையும் கொடுப்பார்கள். தொடக்க வேகத்தை அது அடக்கும். 1933-இல் அமெரிக்காவில் உருண்டை மணி மருந்து வந்தபோது, உருண்டையின் குறையை இந்த மேற்பூச்சால்தான் சரிசெய்தார்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம், அழுத்தம் ஏற ஏற மருந்து எரிகிற வேகமும் ஏறும். திறந்த தட்டில் புகையற்ற மருந்தைப் பற்றவைத்தால் மஞ்சள் சுடரோடு சும்மா எரியும். அதையே அடைத்த குழாயில் வைத்தால் அழுத்தம் வேகத்தைக் கூட்டும், வேகம் அழுத்தத்தைக் கூட்டும். குண்டு நகர்ந்து இடம் கொடுத்தால்தான் அந்தச் சுழல் அடங்கும். நவீன ரைபிள் தோட்டாவுக்குள் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல 4,000 மடங்கை ஒட்டி ஏறுகிறது. உங்கள் பைக் டயரில் இருப்பது இரண்டு மடங்கு சொச்சம்.

இப்போது எந்தத் துப்பாக்கிக்கு எது என்பது தானாகப் புரியும். பிஸ்டலுக்குக் குழாய் நாலைந்து அங்குலம்தான், குண்டு வெளியே போவதற்குள் மருந்து எரிந்து முடிய வேண்டும். ஆகவே வேகமான மருந்து, அதுவும் அரை கிராமுக்கும் குறைவு. 7.62 மி.மீ. ரைபிளுக்கு நீண்ட குழாய், அதிக அழுத்தம், மெதுவாக எரிகிற மருந்து ஏறக்குறைய 3 கிராம். பன்னிரண்டு போர் துப்பாக்கியில் குழாய் அகலம், சுவர் மெல்லியது, தாங்குகிற அழுத்தம் ரைபிளில் ஐந்தில் ஒரு பங்குதான். அதனால் சில்லு வடிவ வேகமான மருந்தைக் கொஞ்சமாகப் போடுகிறார்கள். மாணவர்கள் முகாமில் சுடுகிற .22 ரைபிளில் இன்னும் குறைவு, ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி. மரியாதைக்குச் சுடுகிற வெற்றுத் தோட்டாவில் தடுக்கக் குண்டே இல்லை, அதனால் மிக வேகமான மருந்து போட்டால்தான் சத்தம் வரும். குண்டு இல்லையே என்று அதன் முன்னால் யாரும் நிற்கக் கூடாது, பக்கத்தில் நின்றால் வாயுவே காயப்படுத்தும்.

காவிரி டெல்டாவின் தலைவாசலான திருச்சியில் 1966 முதல் துப்பாக்கித் தொழிற்சாலை இயங்குகிறது. 'டிரிச்சி அசால்ட் ரைபிள்' அங்கே பிறந்ததுதான். அதே ஊரில் டேங்கிலிருந்து சுடுகிற டங்ஸ்டன் கலவை அம்புகளைச் செய்கிற ஆலையும் இருக்கிறது. அந்த அம்பு நொடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். அந்த வகைத் தோட்டாவில் எனக்கு வியப்பு தருவது அதன் உறை. பித்தளைக்குப் பதிலாக நைட்ரோசெல்லுலோஸ் கலந்த அட்டை போன்ற உறை. மருந்தோடு உறையும் எரிந்து வாயுவாகிவிடும், அடிக்கட்டை மட்டும்தான் மிஞ்சும்.

தீ எங்கிருந்து வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய காலத்தில் எரிகிற திரி, பிறகு சக்கிமுக்கிப் பொறி. 1807-இல் அலெக்சாண்டர் போர்சித் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், அடிபட்டால் பற்றுகிற பொருளைக் கொண்டு துப்பாக்கியைச் சுடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நாட்டுத் துப்பாக்கியில் வைக்கிற 'கேப்' அதன் வாரிசு, இன்றைய தோட்டாவின் அடியில் இருக்கிற சிறு பொட்டும் அதுவே. .303 காலத்துப் பொட்டில் இருந்த ஒரு பொருள் எரிந்தபின் பொட்டாசியம் குளோரைடை விட்டுப் போகும், நம் சமையல் உப்புக்குச் சித்தப்பா மகன். நாகப்பட்டினத்துக் கடற்கரையில் நிறுத்திய சைக்கிள் போல ரைபிள் துருப்பிடிக்கும். பழைய சிப்பாய்களும் தாத்தாவைப் போலவே வெந்நீர் ஊற்றிக் கழுவியது அதற்காக.

புகையற்ற மருந்துக்கு வயது உண்டு. நைட்ரோசெல்லுலோஸ் காலப்போக்கில் தானாகவே சிதைந்து அமில வாயுக்களை விடும். அந்த வாயுக்கள் சிதைவை மேலும் தூண்டிவிடும். அதை உறிஞ்சிக்கொள்ள டைபீனைல் அமீன் போன்ற நிலைநிறுத்திகளைச் சேர்க்கிறார்கள். அது தீர்ந்துபோனால், அதுவும் அக்னி நட்சத்திரத்தில் ஓட்டு வீட்டுப் பரண் போன்ற சூடான இடத்தில் கிடந்தால், மருந்து தானாகவே பற்றிக்கொள்ளவும் கூடும். பிரெஞ்சுக்காரர்கள் தூலோன் துறைமுகத்தில் 1907-இல் இயேனா, 1911-இல் லிபெர்த்தே என்று இரண்டு போர்க்கப்பல்களையே தங்கள் மருந்தின் இந்தச் சிதைவுக்குப் பலி கொடுத்தார்கள். புளித்த அமில நெடியும் செம்பழுப்பு ஆவியும் கெட்டுப்போன மருந்தின் அடையாளம்.

கருமருந்துக்கு அந்த வயதுக் கணக்கு கிடையாது. நமுத்துப்போனது காய்ந்தால் மறுபடி பற்றும். காய்ந்த இடத்தில் இருந்தால் நூறு ஆண்டானாலும் அப்படியே இருக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்துக் கருமருந்து அடைத்த பீரங்கிக் குண்டு ஒன்று, 140 ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2008-இல் வர்ஜினியாவில் அதைச் சுத்தம் செய்துகொண்டிருந்த சேகரிப்பாளரைக் கொன்றது.

இப்போது நான் பார்த்த சம்பவம். எனக்குப் பத்து வயது இருக்கும். பக்கத்து ஊரில் ஒருவரிடம் நாட்டுத் துப்பாக்கி இருந்தது, மருந்து தீர்ந்திருந்தது. யாரிடமிருந்தோ வந்த தோட்டாக்களைப் பிரித்து உள்ளே இருந்த மணிகளை எடுத்தார். கருப்பு நிறம், குருணை வடிவம், மருந்து மருந்துதானே என்று வழக்கமாகப் போடுகிற அதே அளவு குவளையில் அளந்து போட்டுக் கெட்டித்திருக்கிறார். ஆற்றுக்கு விடுகிற தண்ணீரை வாய்க்காலில் திருப்பினால் கரை என்ன ஆகும்? குழாய் அடிப்பக்கம் பிளந்து விரிந்துவிட்டது. இடது கையில் மூன்று விரல்கள் போயின, ஒரு கண்ணும் போனது. தாத்தா என்னையும் அழைத்துக்கொண்டு தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போய் அவரைப் பார்த்தார். கட்டிலில் கிடந்தவர் "கருப்பாத்தானே இருந்துச்சு" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கருப்பாக இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. புகையற்ற மருந்தின் சொந்த நிறம் பழுப்பு, இளம்பச்சை போலத்தான் இருக்கும். மணிகள் உராய்ந்து மின்னேற்றம் சேராமலும், இயந்திரத்தில் வழுக்கி ஓடவும் மேலே கிராபைட் பூசுகிறார்கள். பென்சில் கருப்பு. அதனால் நிறத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. உருண்டை மணி மருந்தும் குருணைக் கருமருந்தும் பழக்கமில்லாத கண்ணுக்கு ஒரே கடுகுதான்.

தம்பியின் டப்பாவுக்கு வருகிறேன். நாட்டுத் துப்பாக்கிக்குப் பக்கத்தில் கிடைத்ததால் கருமருந்தாக இருக்கலாம் என்று மனம் சொல்லும். நான் ஒருபோதும் அப்படி உறுதி சொல்ல மாட்டேன். ஒரு சிட்டிகை எடுத்துக் கொளுத்திப் பார்ப்போம் என்று வீட்டில் யாராவது சொன்னால் தயவுசெய்து தடுங்கள். கருமருந்து திறந்த இடத்திலும் கண்ணிமைக்கும் நேரத்தில் பற்றும், கையில் டப்பா இருந்தால் டப்பாவும் சேர்ந்து போகும். தகர மூடி துருப்பிடித்திருந்தால் திருகுகிற உராய்வே ஆபத்து. குப்பையில் கொட்டவோ, வாய்க்காலில் போடவோ, அடுப்பில் எறியவோ கூடாது. உங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் நேரில் போய், தாத்தா வீட்டில் இன்னது கிடைத்திருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள். நீங்களே டப்பாவைப் பையில் போட்டுப் பஸ்ஸில் கொண்டுபோக வேண்டாம். அவர்கள் ஆளை அனுப்புவார்கள்.

துப்பாக்கிக்கு 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வழி சொல்கிறது. உரிமம் வைத்திருந்தவர் காலமானால் வாரிசுகள் அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். வைத்துக்கொள்ள விரும்பினால் பிறகு மாவட்ட நிர்வாகத்திடம் முறைப்படி விண்ணப்பிக்கலாம். தாத்தாவின் உரிமப் புத்தகம் பழைய பத்திரங்களோடு இருக்கும், தேடி எடுத்து வையுங்கள். மறைத்து வைத்தால்தான் வழக்கு.

அப்புறம், துப்பாக்கியை எடுத்துப் பார்க்க வேண்டாம் என்று முதலில் சொன்னதற்குக் காரணம் இது. வாய்வழியாகக் கெட்டிக்கிற துப்பாக்கியில் மருந்து உள்ளே இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பன்றி வராத இரவுகளில் கெட்டித்த துப்பாக்கியை அப்படியே மாட்டிவிட்டுப் படுப்பது அந்தக் காலத்து வழக்கம், என் தாத்தாவும் செய்திருக்கிறார். உங்கள் தாத்தா கடைசியாக அதைப் பரணில் வைத்த அன்று சுட்டுவிட்டு வைத்தாரா, கெட்டித்து வைத்தாரா என்பது யாருக்கும் தெரியாது. காவலர்கள் வரும்போது இதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்: "உள்ளே மருந்து இருக்கலாம் சார், குழாய் முன்னால யாரும் நிக்காதீங்க."